முதல் டிஎஸ்எல்ஆர்: 1500 வெள்ளியை எங்கே போடுவது?

கையில் 1500 வெள்ளி இருக்கிறது, முதல் கேமரா வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள், மிச்சமாகும் காசை லென்ஸில் போடுங்கள், அந்த லென்ஸைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றவும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். கோலாலம்பூர்க் கடைகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். புதுப் பாடி, கூடவே கம்பெனி சேர்த்துத் தரும் கிட் லென்ஸ், இலவசமாக ஒரு பை, குட்டி ட்ரைபாட், ஸ்கிரீன் ஸ்டிக்கர் என்று மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்தபின் பத்துமலையில் வைத்து எடுக்கும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில், கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பதில் விலையில் இருக்கிறது. கேனனும் நிக்கானும் 2018இல் ஆர்எஃப், இசட் என்று மிரர்லெஸ்ஸுக்காகப் புதிய மவுண்டுகளை, அதாவது லென்ஸ் மாட்டும் அமைப்புகளை, கொண்டுவந்தன. அதன்பிறகு அவர்களுடைய கவனம் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. கல்யாணம் எடுக்கிற அண்ணன்மாரும் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். அவர்கள் கைகழுவிய பாடிகளும் லென்ஸ்களும் இப்போது சந்தையில் குவிந்து கிடக்கின்றன. நாளை நீங்களும் மிரர்லெஸ்ஸுக்குப் போனால் இன்று போட்ட காசு வீணாகாது. கேனனின் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் ஆர்எஃப் பாடியில் ஆட்டோஃபோக்கஸோடு ஓடும். நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களும் எஃப்டிஇசட் அடாப்டரில் அப்படித்தான்.

முதல் படி: எதை எடுக்கப் போகிறீர்கள்?

‘எல்லாம்தான்’ என்று சொல்லி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கைப்பேசியைத் திறந்து கடந்த ஒரு மாதத்துப் படங்களைத் தள்ளிப் பாருங்கள். பிள்ளைகள், தங்கச்சி நிச்சயம், கோயில் பூசை, கூட்டாளிகளோடு மாமாக் கடை. இவற்றில் எத்தனை வெயிலில் எடுத்தவை, எத்தனை கூரைக்குக் கீழே எடுத்தவை? நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் கூரைக்குக் கீழேதான் விசேஷம். கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், இரவு நேர பிரிக்பீல்ட்ஸ், எல்லாமே கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், கேமராவுக்கோ மங்கல்.

கிட் லென்ஸ் தடுமாறும் இடமும் இதுதான். வழக்கமான 18-55 மி.மீ. கிட் லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, அகலக் கோணத்தில் எஃப்/3.5 வரை திறக்கும். 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் எஃப்/5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிது. எஃப்/1.8 வரை திறக்கும் ஒரு 50 மி.மீ. லென்ஸ் அதே நேரத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 6400 தேவைப்படும் மாலை மாற்றும் காட்சியை இதில் ஐஎஸ்ஓ 640இல் எடுக்கலாம். எந்தப் புதுப் பாடியும் உங்கள் பட்ஜெட்டுக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது.

கிட் லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். கேனனில் ஐஎஸ், நிக்கானில் விஆர். உண்மைதான், உங்கள் கை நடுங்கினால் அது உதவும். காவடி ஆடுகிறவர் நகர்ந்தால் அது ஒன்றும் செய்யாது. அதற்கு வேகமான ஷட்டர், அதாவது படம் பதியும் நேரம் குறைவாக, வேண்டும், வேகமான ஷட்டருக்கு வெளிச்சம் வேண்டும்.

மலை, கடற்கரை, பகல் நேர ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள் என்று வெளிச்சத்திலேயே சுற்றுகிறவராக இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிட்டுக் கிட் லென்ஸோடு சந்தோஷமாகப் போங்கள். பறவை எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு கணக்கு, வேறு பட்ஜெட். இந்தக் கட்டுரை அவர்களுக்கு உதவாது.

இரண்டாம் படி: காசைப் பிரிப்பது

1500 வெள்ளியை நான் பிரித்தால் கிட் லென்ஸோடு சேர்ந்த பழைய பாடிக்கு 900 முதல் 1000, ஜூம் ஆகாத பிரைம் லென்ஸுக்கு 300 முதல் 400, மீதி மெமரி கார்டு, உபரி பேட்டரி, ஈரம் புகாத பெட்டி. செகண்ட் ஹேண்ட் விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அதனால் போவதற்கு முந்தின நாள் மூடா, கரோசெல் ஆகிய விற்பனைத் தளங்களில் அதே மாடலைத் தேடி, நாலைந்து விளம்பரங்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

1000 வெள்ளிதான் இருக்கிறது என்றால் பாடியில் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போங்கள், லென்ஸைக் குறைக்காதீர்கள். மெகாபிக்சலைப் பற்றிக் கவலை வேண்டாம். 18 மெகாபிக்சல் இருந்தாலே ஏ3 அளவுக்குக் கூர்மையாக அச்சடிக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மூன்றாம் படி: எந்தப் பாடி?

கேனனா நிக்கானா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. வீட்டில் மாமாவோ அண்ணனோ ஏற்கெனவே ஒன்றை வைத்திருந்தால் அதே கம்பெனியை வாங்குங்கள். லென்ஸை இரவல் வாங்கலாம், சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் இருக்கும். இதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை.

யாரும் இல்லையென்றால், நிக்கானில் 2018இல் வந்த டி3500 நல்ல தொடக்கம். பேட்டரியோடு 415 கிராம்தான், ஒரு தடவை சார்ஜ் செய்தால் கம்பெனிக் கணக்குப்படி 1550 படம். தைப்பூச இரவு முழுக்க நின்று எடுத்தாலும் தாங்கும். ஆனால் தொடுதிரை கிடையாது, வெளி மைக் செருகவும் இடமில்லை. வீடியோ ஆசை இருந்தால் 2016இல் வந்த டி5600 பாருங்கள். அதில் திருப்பும் தொடுதிரையும் மைக் துளையும் உண்டு. கேனனில் 2017இல் வந்த 200டி, 2019இல் வந்த 200டி மார்க் 2 இரண்டுமே வீடியோவுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றவை, திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோக்கஸ் வேகமாகப் பிடிக்கும். மார்க் 2இல் மட்டும் ஒரு விஷயம் கவனியுங்கள். அதிலும், மலிவான 1500டி, 3000டி இரண்டிலும், ஃப்ளாஷ் செருகும் இடத்தில் நடு முனை இல்லை. வேறு கம்பெனிகளின் மலிவு ஃப்ளாஷ்களும், ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிகர்களும் பல அதில் வேலை செய்யாது. பின்னால் கல்யாணம் எடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் தவிர்க்கலாம். 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நிக்கானிலும் ஒரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. ‘ஏஎஃப்-டி’ என்று போட்ட பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கையால் திருகித்தான் ஃபோக்கஸ் செய்ய வேண்டும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் என்று இருக்க வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் புதிய பாடிகளில் ஓடும். டி3100, டி3200, டி5100 போன்ற பழையவற்றில் ஃபோக்கஸே ஆகாது.

நான்காம் படி: எந்த லென்ஸ்?

கேனன்காரர்களுக்கு 2015இல் வந்த இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். நிக்கான்காரர்களுக்கு 2009இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி. இரண்டும் செகண்ட் ஹேண்டில் தாராளமாகப் புழங்குபவை, வேண்டாமென்றால் பெரிய நட்டமில்லாமல் திருப்பி விற்கலாம்.

இவற்றுக்குள் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் பட்ஜெட் பாடிகளில் படத்தைப் பதியும் சென்சார் சிறியது என்பதால் லென்ஸ் பார்க்கும் கோணம் குறுகும். கேனனில் 1.6 மடங்கு, நிக்கானில் 1.5 மடங்கு. எனவே கேனனில் 50 மி.மீ. லென்ஸ் 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகம் எடுக்க அருமை. ஆனால் ஃப்ளாட் வீட்டு ஹாலில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க, சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும். நிக்கானில் 35 மி.மீ. என்பது ஏறக்குறைய 52 மி.மீ. பார்வை, வீட்டுக்குள் இதுதான் வசதி. கேனனில் அப்படி வேண்டுமென்றால் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் இருக்கிறது, தட்டையாக, சட்டைப் பையில் போடுகிற அளவு. வெளிச்சம் 50ஐவிடக் குறைவாகத்தான் வாங்கும். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், மண்டபத்துக்கும் கோயிலுக்கும் 50.

கிட் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்துமலை அடிவாரத்தில் நின்று 42.7 மீட்டர் முருகனையும் 272 படிகளையும் ஒரே படத்தில் பிடிக்க அதன் 18 மி.மீ. பக்கம்தான் வேண்டும்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது?

கேமராக்காரர்கள் போகிற இடம் புடு பிளாசா. புதியது, பழையது இரண்டும் விற்கும் கடைகள் அங்கே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு அடுத்ததற்கு நடப்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவிலும் கேமரா கிடைக்கும், என்றாலும் அங்கே கணினி, கைப்பேசி வியாபாரம்தான் பிரதானம். பினாங்கில் இருப்பவர்கள் கொம்தார் வட்டாரத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

புதுப் பொருள் வாங்கினால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இது மலேசிய வாரண்டியா, இம்போர்ட் செட்டா? இம்போர்ட் செட் விலை குறைவாக இருக்கும். வாரண்டி அந்தக் கடையோடு சரி. கடை மூடினால் வாரண்டியும் மூடிவிடும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை, அந்த விலைக்குறைப்பு எதற்காக என்று தெரிந்து வாங்குங்கள்.

ஆன்லைனில் பார்த்துத் தனி ஆளிடம் வாங்கினால் சிஓடிதான், அதாவது நேரில் சந்தித்து, பொருளைப் பார்த்து, அப்புறம் காசு. எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார இடமுள்ள மாமாக் கடையாகப் பாருங்கள். ‘முதலில் டெபாசிட் போடுங்கள், இன்னொருத்தர் கேட்கிறார்’ என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடலாம். பெட்டி, ரசீது, சார்ஜர் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் மேல் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாருடைய கேமரா என்ற கேள்வி வருகிறது.

ஆறாம் படி: கையில் எடுத்துச் சோதிப்பது

இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அதுவே ஒரு பதில். சொந்த மெமரி கார்டு, ஒரு வெள்ளைத் தாள், டார்ச் உள்ள கைப்பேசி, இவ்வளவு போதும்.

முதலில் லென்ஸ். பாடியிலிருந்து கழற்றி, டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். கேனன் லென்ஸின் அப்பர்ச்சர் கழற்றிய நிலையில் திறந்தே இருக்கும். நிக்கான் லென்ஸில் மூடியிருக்கும். பின்னால் ஒரு சின்ன உலோக நாக்கு தெரியும், அதை விரலால் மெதுவாகத் தள்ளிப் பிடித்தால் இதழ்கள் விரியும். விட்டதும் சட்டென்று மூட வேண்டும். மந்தமாக மூடினால் இதழில் எண்ணெய் இறங்கியிருக்கிறது. உள்ளே இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சிலந்தி வலைபோல, வேர்போலக் கிளை விட்டு ஓடும் மெல்லிய நரைக்கோடுகள் தெரிகின்றனவா? அது பூஞ்சை. கீழே வைத்துவிடுங்கள். ‘துடைத்தால் போய்விடும் பாஸ்’ என்பார்கள். போகலாம். ஆனால் அது கண்ணாடியின் மேல்பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியைக் கூட்டினால் நல்ல லென்ஸின் விலையே வந்துவிடும். பால்போல ஒரு மங்கல் படர்ந்திருந்தாலும் இதே முடிவுதான். வளையத்துத் திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து சென்சார். அப்பர்ச்சரை எஃப்/16இல் வைத்து, ஃபோக்கஸைக் கலைத்துவிட்டு வெள்ளைத் தாளை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளிகள் தூசிதான், சுத்தம் செய்துகொள்ளலாம், பேரத்திலும் சொல்லிக் காட்டலாம். கோடுபோல ஒன்று எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வந்தால் அது கீறல், வேண்டாம். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் தெரியும் தூசி படத்தில் வராது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஃபோக்கஸ். பலரும் விட்டுவிடும் சோதனை இதுதான். 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து, கடையில் தொங்கும் விலைச்சீட்டு ஒன்றை வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். பிறகு அதே சீட்டைத் திரையைப் பார்த்து எடுங்கள். இரண்டையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். திரையில் எடுத்தது கூர்மையாகவும் வியூஃபைண்டரில் எடுத்தது ஒவ்வொரு முறையும் மங்கலாகவும் இருந்தால், அந்தப் பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் ஃபோக்கஸுக்குத் தனி சென்சார் என்பதால் இப்படி நேரும். 80டி போன்ற நடுத்தரப் பாடிகளில் மெனுவிலேயே சரிசெய்யலாம். டி3500, டி5600, 1500டி போன்றவற்றில் அந்த வசதி கிடையாது. வேறு லென்ஸை மாட்டிப் பாருங்கள்.

ஷட்டரை ஒரு நொடியிலிருந்து 1/4000 நொடிவரை ஏற்றி, வேகத்துக்கு ஒன்றாகச் சில படங்கள். வேகமானதில் ஒரு பக்கம் மட்டும் இருண்டால் ஷட்டர் தளர்ந்திருக்கிறது. எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்ற கணக்கை நிக்கான் படத்தின் கோப்பிலேயே எழுதிவைக்கும். எடுத்த ஜேபெக்கை அந்தக் கணக்கைக் காட்டும் இணையப் பக்கத்தில் ஏற்றினால் போதும். கேனனில் பெரும்பாலும் கேமராவைக் கணினியில் செருகி மென்பொருளால்தான் பார்க்க முடியும். பொதுவாக இந்த வகைப் பாடிகள் ஒரு லட்சம் அடிவரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 20,000 அடித்ததற்கும் 80,000 அடித்ததற்கும் ஒரே விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நம் ஊர்ச் சூட்டில் கைப்பிடி ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும், ஒரு ஓரம் கழன்றுவரும். படத்துக்குக் கெடுதல் இல்லை, விலையைக் குறைக்க நல்ல சாக்கு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதை வாங்காதீர்கள், விலையில் கழிக்கச் சொல்லுங்கள். எல்லாம் சரி என்று பட்டால், ‘பாஸ், போலே குராங்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காசை எண்ணலாம். சீனத் தவுக்கே என்றாலும் நம் ஆள் என்றாலும் கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: அன்றைக்கே ஒரு பெட்டி

கேமரா வாங்கிய அன்றே இதையும் வாங்கிவிடுங்கள், அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளாதீர்கள். கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் வருடம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பூஞ்சைக்கு அது போதும். கேமராப் பையிலேயே லென்ஸைப் போட்டு அலமாரிக்குள் வைப்பது மிக மோசமான வழி. பையின் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும், உள்ளே இருட்டு, காற்றும் இல்லை.

மின்சார டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் வளையம் உள்ள, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர். மிஸ்டர் டிஐஒய் போன்ற கடையில் டப்பா கிடைக்கும், மற்ற இரண்டும் கேமராக் கடையிலேயே இருக்கும். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல் களைத்துவிட்டது. ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறிக் காட்டும், வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள், மாவுத்தூசி லென்ஸ் வளையத்துக்குள் போகும்.

இன்னொன்று. ஏர்கான் காரிலிருந்தோ எல்ஆர்டியிலிருந்தோ இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துப்போகும். துணியால் துடைக்கத் துடைக்க மறுபடி பூக்கும். பையை மூடியபடியே கால் மணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகிய பிறகு எடுங்கள். அந்த நேரத்தில் ஒரு தே தாரிக் குடிக்கலாம்.

எட்டாம் படி: வாங்கிய பிறகு

ஆட்டோ மோடிலிருந்து நேராக மேனுவலுக்குத் தாவ வேண்டாம். கோயிலுக்கும் மண்டபத்துக்கும் கேனனில் டிவி, நிக்கானில் எஸ் என்று எழுதிய மோடுக்குத் திருப்பி, ஷட்டரை 1/250இல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். மங்கலில் கேமரா தானாகவே அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துகொள்ளும். உட்கார்ந்து பேசும் ஆட்களுக்கு 1/125 போதும், உறுமி மேளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு 1/500 வேண்டும். எஃப்/1.8இல் கிட்டத்தில் முகம் எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வரும். மாப்பிள்ளை பெண் இருவரும் தெளிவாக வேண்டுமென்றால் அப்பர்ச்சரை நீங்களே வைக்கும் ஏ (நிக்கான்) அல்லது ஏவி (கேனன்) மோடுக்கு மாறி எஃப்/2.8 அல்லது 4 வையுங்கள்.

தைப்பூசத்தில் கூட்டத்துக்கு நடுவே லென்ஸ் மாற்றாதீர்கள். விபூதியும் சந்தனமும் காற்றில் பறக்கும், பால்குடம் தளும்பும். எது சென்சாரில் விழுந்தாலும் தொல்லை. 50ஐ மாட்டிக்கொண்டே போய், அகலமான காட்சிகளுக்குக் கைப்பேசியைப் பயன்படுத்துங்கள். பினாங்கில் ரதத்துக்கு முன்னால் சிதறுகாய் உடைக்கும் இடத்துக்குப் போகிறவர்கள் லென்ஸுக்கு ஒரு யுவி ஃபில்டர் போட்டுக்கொள்வது நல்லது. தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுச் சில்லும் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மற்ற நாட்களில் எனக்கு அந்த ஃபில்டரில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பேய் உருவம்போல ஒளிப்புள்ளிகளைக் கொண்டுவருகிறது.

ட்ரைபாட், ஃப்ளாஷ், இரண்டாவது ஜூம் லென்ஸ் எதையும் முதல் மூன்று மாதத்துக்கு வாங்காதீர்கள். காசு கை அரித்தால் இன்னொரு ஒரிஜினல் பேட்டரி வாங்குங்கள். மெமரி கார்டை மட்டும் நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்குங்கள். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன, 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது.